இரத்தம் எடுக்கச் சொன்னவன்

1996ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இத்தாலியின் பலெர்மோ நகரில், கிழக்குப் புறமான பிரான்காச்சோவில், கோபாலசிங்கம் ஓட்டிவந்த லொறி ஒரு மூன்று சில்லு வண்டியில் மோதியது.

தவறு அவனுடையது அல்ல. பகேரியாவில் எலுமிச்சம்பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குள் வந்துகொண்டிருந்தான். வேகம் முப்பதுக்கு மேல் இல்லை. மாடிக்குடியிருப்புகளுக்கு இடையில் இருந்த ஒழுங்கையிலிருந்து, ஊரார் 'லாப்பா' என்று சொல்லும் அந்தச் சின்ன வண்டி நிற்காமல் வெளியே வந்தது. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தான். லொறி குலுங்கியது. நிற்பதற்குச் சற்று முன்னால் அதன் முகப்பு லாப்பாவின் பின்புறத்தைத் தட்டிவிட்டது. லாப்பா ஒரு பக்கமாகச் சரிந்து வீதியில் விழுந்தது.

கோபாலசிங்கம் குதித்து ஓடினான். உள்ளே எழுபது வயதுக் கிழவர் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். நுன்சியோ என்பது அவர் பெயர். வீடு வீடாக வைன் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். பின்னால் அடுக்கியிருந்த பெரிய பிளாஸ்டிக் கலன்களில் ஒன்று கிழவரின் தோளை அழுத்திக்கொண்டு கிடந்தது. கோபாலசிங்கம் அதைப் பிடித்து இழுத்தபோது மூடி தெறித்தது. சிவப்பு வைன் அவன் முகத்தில் அடித்து, கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் புகுந்தது. துப்பினான். சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. கண் எரிய எரிய, கிழவரின் அக்குளில் கைகொடுத்து மெல்ல வெளியே எடுத்து, நடைபாதையில் கிடத்தினான்.

சனம் கூடிவிட்டது. யாரோ அம்புலன்சுக்குச் சொன்னார்கள். கோபாலசிங்கம் லொறியின் படியில் உட்கார்ந்தான். அப்போதுதான் அவனுக்கு உடம்பு மாறத் தொடங்கியது. முகம் நெருப்பாய்க் கொதித்தது. கழுத்து, காது எல்லாம் சூடு. நெஞ்சு படபடவென்று அடித்தது. தலை இடித்தது. ஏன் என்று அவனுக்குத் தெரியும். அங்கே நின்றவர்களில் வேறு எவருக்கும் அது தெரியாது.

ஒரு பெண் பலகணியிலிருந்து கத்தினாள். "அவனுடைய முகத்தைப் பாருங்கள்! காலையிலேயே குடித்துவிட்டு லொறி ஓட்டுகிறான்!"

கோபாலசிங்கத்துக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இலங்கையில் இருந்தபோது காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து லொறி ஓட்டியவன். பலெர்மோவுக்கு வந்து ஏழு வருடங்கள். கோப்பை கழுவினான், மாடிப்படி கூட்டினான், பெட்டி தூக்கினான். பிறகு இத்தாலிய மொழியில் லொறிச் சாரதிக்கான பரீட்சையை எழுதி, இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை சித்தியடைந்தான். அந்த நாளில் பலெர்மோத் தமிழர்களுக்குள் லொறி ஓட்டும் அனுமதிப்பத்திரம் வைத்திருந்த வேறு எவரையும் அவனுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவன் குடிகாரனாக இருந்தவன். வேலை முடிந்து அல்பெர்கேரியாவில் உள்ள அறைக்கு வந்ததும் போத்தலைத் திறந்தால் விழுந்து படுக்கும்வரை மூடமாட்டான். மனைவி இராசேஸ்வரி ஐந்து வருடம் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள், மகள் கேசிகாவின் பாடசாலைப் புத்தகங்களை ஒரு பையிலும் உடுப்புகளை இன்னொரு பையிலும் எடுத்துக்கொண்டு, போர்கோ வெக்கியோவில் இருந்த தன் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். அது நடந்து இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவான். சித்திரை மாதத்தில், "குடியை விட்டிட்டன்" என்று இராசேஸ்வரியிடம் சொன்னான். அவள், "பாப்பம்" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இதற்கு முன்னரும் நாலு தடவை அதே வாயால் அதே சொல்லைச் சொன்னவன்தானே.

அம்புலன்ஸ் வந்து நுன்சியோவை ஏற்றிக்கொண்டு போனபின் இரண்டு விஜிலி வந்தார்கள். விஜிலி என்றால் நகரசபையின் போக்குவரத்துக் காவலர்கள். மூத்தவர் மீசைக்காரர். கோபாலசிங்கத்தின் பத்திரங்களை வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து அவன் சட்டையை முகர்ந்தார்.

"எவ்வளவு குடித்தாய்?"

"குடிக்கவில்லை. கிழவரை இழுக்கும்போது கலன் வெடித்தது. எல்லோரும் பார்த்தார்கள்."

"நாங்கள் வைனைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தோம்," என்றாள் பலகணிப் பெண்.

"முகம் சிவந்திருக்கிறது. கை நடுங்குகிறது. வைன் மணக்கிறது," என்று சொல்லிக்கொண்டே விஜிலி எழுதினார்.

"ஊதிப் பார்க்கிற மெசின் இல்லையா?"

"எங்களிடம் இல்லை. நெடுஞ்சாலைப் பொலிஸிடம் இருக்கிறது. அவர்கள் இப்போது வேறு இடத்தில் நிற்கிறார்கள்." விஜிலி தோளைக் குலுக்கினார். "பரவாயில்லை. நான் கண்டதை எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. மிச்சத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்."

கோபாலசிங்கம் பேனையைக் கையில் எடுக்கவில்லை. மூன்று தடவை பரீட்சை எழுதியவனுக்கு வீதிச் சட்டப் புத்தகம் மனப்பாடம். விபத்து நடந்தால் சாரதியைச் சோதிக்கப் பொலிஸுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சோதித்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சோதிக்காமல் விட்டால், சிவந்த முகமும் வைன் மணமும் அந்தத் தாளில் அப்படியே இருக்கும். அதுவே அவனைக் குற்றவாளி ஆக்கப் போதும்.

மூலையில் இருந்த கோப்பிக்கடைக்குப் போய் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தான். முதலாளி ஜாக்கொனே நடந்ததை முழுதாகக் கேட்டார்.

"கோபால், ஒன்றும் செய்யாதே. ஊதாதே, இரத்தம் கொடுக்காதே. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ. சோதனையில் ஏதாவது வந்தால் காப்புறுதி ஒரு சதமும் தராது. சோதனை இல்லாவிட்டால் நான் ஒரு வழக்கறிஞரைப் பிடித்துச் சமாளிப்பேன்."

"நான் குடிக்கவில்லை, முதலாளி."

"நம்புகிறேன். ஆனாலும் செய்யாதே."

நம்புகிறேன் என்ற சொல்லில் நம்பிக்கை துளியும் இல்லை என்பது அவனுக்குக் கேட்டது. தொலைபேசியை வைத்தான். கடைக்காரர் ஒரு கிளாஸ் தண்ணீரை அவன் பக்கம் தள்ளினார். குடித்துவிட்டுத் திரும்பி நடந்து, விஜிலியின் முன்னால் போய் நின்றான்.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். சலமும் எடுக்கட்டும். மது, போதைமருந்து எல்லாவற்றுக்கும் சோதிக்கட்டும்."

மீசைக்காரர் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தார். "இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். வேண்டாம் என்று கெஞ்சியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். யோசித்துத்தான் சொல்கிறாயா?"

"ஓம்," என்று தமிழில் வாயில் வந்ததை விழுங்கி, இத்தாலிய மொழியில் "சி" என்றான்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தரை துடைத்துக்கொண்டிருந்தவன் பீலிக்ஸ். மன்னார்க்காரன், முப்பத்திரண்டு வயது. கோபாலசிங்கத்தோடு அல்பெர்கேரியாவில் ஒரே கட்டடத்தில் இருப்பவன். இரண்டு காவலர்களுக்கு நடுவில், நெஞ்செல்லாம் சிவப்பு நனைந்து வந்தவனைக் கண்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணை! இரத்தமோ?"

"இல்லையடா. வைன். அடிபட்டது வேற ஆள்." நடந்ததை நாலு வசனத்தில் சொன்னான்.

"நீங்கள் இருங்கோ. நான் இராசேஸ்வரி அக்காவுக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டு வாறன்."

"அவளுக்கு வேண்டாம்."

"அண்ணை, பிறகு ஆரும் போய்ச் சொல்லுறதைவிட நான் இப்ப சொல்லுறது நல்லது." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டான்.

இராசேஸ்வரி பொலித்தேயாமா பக்கம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய வீட்டம்மாவின், வீட்டில் வேலை செய்தாள். முக்கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டாள். வேலைக்குக் கட்டிய ஏப்ரனைக் கழற்றவும் மறந்திருந்தாள். நடைகூடத்து வாங்கில் அவன் முழுதாக உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவளுடைய முகம் தெளிந்தது. கிட்ட வந்தாள். வைன் மணம் அடித்தது. தெளிந்த முகம் அப்படியே இறுகிப்போனது.

"திரும்பவுமோ?"

"இல்லை, இராசேஸ். சத்தியமாய் இல்லை."

"உங்கடை முகம் எப்பிடிச் சிவந்து கிடக்கு எண்டு கண்ணாடியிலை பாத்தனீங்களோ?" குரலை அடக்கித்தான் பேசினாள். "குடிச்சிட்டு வீட்டிலை விழுந்து கிடக்கேக்கை எனக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான் வினை. இண்டைக்கு ஒரு வயசான மனிசனை இடிச்சிருக்கிறியள். அந்த மனிசன் செத்திருந்தா?"

அவனுக்குச் சொல்ல வாய் வந்தது. சொல்ல வேண்டிய அந்த ஒன்றைத்தான் ஏழு மாதமாக அவளிடம் மறைத்துவைத்திருந்தான். வாயை மூடிக்கொண்டான். அவள் எதிர் வாங்கில், அவனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை.

ஒரு பெண் மருத்துவர் வந்தார். இளம் வயது. தூக்கமில்லாத கண்கள். ஆனால் பொறுமையானவர். கையில் ஒரு படிவம் இருந்தது. மீசைக்கார விஜிலி பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தச் சோதனைக்கு நீங்களே சம்மதம் தருகிறீர்கள் என்று எழுதியிருக்கிறது. சரிதானா?"

"சரி."

"நோய்கள் ஏதும்?"

"இல்லை."

"இப்போது ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா? தடிமன் மருந்து, இருமல் மருந்து, நித்திரைக் குளிசை, எதுவானாலும் சொல்லுங்கள். சில மருந்துகள் சோதனையில் போதைமருந்து போலக் காட்டும். முன்னமே எழுதியிருந்தால்தான் உங்களுக்குப் பாதுகாப்பு."

கோபாலசிங்கம் தரையைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அத்தோடு முடிந்தது. உண்மையைச் சொன்னால் அது அரசாங்கத் தாளில் ஏறும். இவன் குடிகாரன் என்று அந்தத் தாள் சொல்லும். அனுமதிப்பத்திரத்தை அவர்கள் பறித்துக்கொள்ளவும் கூடும். விஜிலி நிற்கிறார். எதிரே அவள் இருக்கிறாள். வீட்டு வேலை செய்து செய்து அவளுடைய இத்தாலியன் அவனுடையதைவிட நல்லது. ஒரு சொல் தப்பாது.

"எடுக்கிறேன்," என்றான். சட்டைப்பையில் இருந்த சின்னக் குளிசை அட்டையை எடுத்து நீட்டினான். அது வைனில் ஊறிச் சிவந்திருந்தது.

மருத்துவர் அட்டையின் பின்புறத்தைப் படித்தார். புருவம் உயர்ந்தது. "இதை எத்தனை நாளாக எடுக்கிறீர்கள்?"

"ஏழு மாதம். ஒவ்வொரு நாளும் காலையில் ஒன்று."

"யார் தந்தது?"

"அரசாங்க நிலையம். குடியை விடுகிறவர்கள் போகிற இடம். புதன்கிழமைகளில் போகிறேன்."

மருத்துவர் கிட்ட வந்து அவனுடைய கண்ணிமையை விரித்துப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். "வைன் வாய்க்குள் போனதா?"

"போனது. துப்பிவிட்டேன்."

"அதுதான்." அவர் விஜிலியின் பக்கம் திரும்பினார். "நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, முகம் சிவப்பு, நடுக்கம் என்று. அது வெறி இல்லை. இந்தக் குளிசை எடுக்கிறவரின் வாயில் ஒரு மிடறு மது பட்டாலும், தோலில் ஊறினாலும், உடம்பு இப்படிக் கொதிக்கும். இவர் உண்மையில் குடித்திருந்தால் இங்கே உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருக்க மாட்டார். வாந்தியெடுத்துக் கட்டிலில் கிடப்பார். சிலவேளை அதைவிட மோசமாகவும் இருக்கும். எதற்கும் இரத்தம் சொல்லட்டும்."

"இதையும் படிவத்தில் எழுதுவீர்களா?" என்று கேட்டான் கோபாலசிங்கம்.

"எழுதத்தான் வேண்டும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவக்குழு உங்களைக் கூப்பிடலாம். மறைத்திருந்தால் இன்றைக்குத் தப்பியிருப்பீர்கள். ஆனால் நான் உங்கள் முகத்தைத் தப்பாகத்தான் விளங்கியிருப்பேன்."

தாதி பஞ்சும் ஊசியும் கொண்டுவந்தாள். போத்தலைத் திறந்ததும் மருத்துவர் கையைத் தூக்கினார். "ஸ்பிரிட் வேண்டாம். மதுவுக்காக எடுக்கிற இரத்தம் இது. மற்ற மருந்தால் துடையுங்கள்." தாதி நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு போத்தல் எடுக்கப் போனாள். பிறகு இரத்தம் எடுத்தார்கள், சலம் வாங்கினார்கள், இரண்டு குப்பிகளிலும் அவனுக்கு முன்னாலேயே பெயரெழுதி ஒட்டி, அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். முடிவு வர இரண்டு மணித்தியாலம் செல்லும் என்றார்கள்.

எல்லோரும் போனபின் நடைகூடத்தில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். இராசேஸ்வரி எழுந்து வந்து அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவன் கைகளைப் பிசைந்தான். "வெக்கமாயிருந்தது. குளிசை போட்டுத்தான் விட்டவன் எண்டு தெரிஞ்சா நீர் என்ன நினைப்பீர்? சொந்த மனத்தாலை விட்டவன் எண்டு நீர் நினைக்கவேணும் எண்டு எனக்கொரு ஆசை."

"மனம் இல்லாமலே ஏழு மாசமா ஒவ்வொரு நாளும் அதை எடுத்து வாயிலை போட்டனீங்கள்?" என்றாள். "குளிசை தானா நடந்து வந்து உங்கடை வாய்க்குள்ளை விழுந்ததோ?"

அவனுக்குக் கண் கலங்கியது. வைன் பட்ட எரிச்சல் என்று சொல்லலாம் என்று பார்த்தான். சொல்லவில்லை.

"இன்னொண்டும் சொல்லவேணும்," என்றான். "சித்திரையிலை நடந்தது. முதல் நாள் இரவு நல்லாக் குடிச்சிட்டன். காலமை எழும்பேக்கை ஒண்டும் இல்லை எண்டுதான் நினைச்சன். லொறியை எடுத்துக்கொண்டு பகேரியாவுக்குப் போறன். பள்ளிக்கூடத்தடியிலை ஒரு பெட்டைப்பிள்ளை கடக்குது. கேசிகாவின்ரை வயசு இருக்கும். நான் கண்டனான், இராசேஸ். கண்டும் என்ரை கால் உடனை போகேல்லை. கடைசியிலைதான் பிரேக் பிடிச்சது. லொறி அந்தப் பிள்ளையின்ரை புத்தகப்பையைத் தொட்டுக்கொண்டு நிண்டது. பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகுது. தான் தப்பினது எண்டே அதுக்குத் தெரியாது."

இராசேஸ்வரி அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அண்டைக்கு ஒருத்தரும் என்னைச் சோதிக்கேல்லை. சோதிச்சிருந்தா என்ரை கதை அத்தோடை முடிஞ்சிருக்கும். முடிஞ்சிருக்கத்தான் வேணும். லொறியை ஓரமா விட்டிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தனான். பின்னேரம் வேலை முடிய அந்த நிலையத்தைத் தேடிக்கொண்டு போனன். இண்டைக்கு விஜிலி, கையெழுத்துப் போட்டுட்டுப் போ எண்டான். முதலாளி, ஊதாதை எண்டான். எனக்கு அந்தப் பிள்ளையின்ரை முகம்தான் வந்தது. அண்டைக்குத் தப்பினவன், இண்டைக்கும் சோதனைக்கு ஒளிச்சா, ரெண்டு நாளும் ஒண்டாப் போயிடும்."

அவள் ஏப்ரனைக் கழற்றி, அதன் நனையாத பக்கத்தால் அவன் கழுத்தில் காய்ந்து ஒட்டியிருந்த வைனைத் துடைத்தாள்.

"நான் வந்தவுடனை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

"நீர் கேட்டது பிழையில்லை. அஞ்சு வருசமா அந்த மணத்தைத்தானே நான் உமக்குத் தந்தனான்."

பன்னிரண்டு மணிக்கு மேல் மருத்துவர் தாளோடு வந்தார். இரத்தத்தில் அளக்கக்கூடிய அளவில் மது இல்லை. போதைமருந்து எதுவும் இல்லை. விஜிலி தாளை வாங்கி இரண்டு தரம் படித்தார். தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, காலையில் எழுதியதற்குக் கீழே புதிதாக நாலு வரி எழுதினார். எழுதி முடித்ததும் கோபாலசிங்கத்துக்குக் கை கொடுத்தார்.

"கிழவரிடமும் போய்க் கேட்டேன்," என்றார். "நிற்காமல் வந்தது தான்தான் என்று ஒத்துக்கொண்டார். கால் எலும்பு முறிந்திருக்கிறது, ஆனால் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தன்னை இழுத்தெடுத்த கறுத்த மனிதனை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

கோபாலசிங்கம் மேல் மாடிக்குப் போய் நுன்சியோவைப் பார்த்தான். கிழவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, போன வைனைப் பற்றித்தான் அதிகம் அழுதார். பிறகு, கால் சுகமானதும் அவனுக்கு ஒரு கலன் தருவதாக வாக்களித்தார். கதவடியில் நின்ற இராசேஸ்வரி, "வேண்டாம், தாத்தா. எலுமிச்சம்பழம் ஏதும் இருந்தால் கொடுங்கள்," என்றாள். கிழவருக்கு விளங்கவில்லை. கோபாலசிங்கம் சிரித்தான்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மருத்துவர் சொன்னதுபோலவே இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. மருத்துவக்குழு பார்த்து முடிவு சொல்லும்வரை அவன் லொறியைத் தொடக்கூடாது. காப்புறுதிக்காரர்கள் கேள்வி கேட்காமல் கோப்பினை மூடியதில் ஜாக்கொனேக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஆனாலும் கடிதத்தைப் பார்த்ததும், "சொன்னேன்தானே, வாயை மூடியிருக்க வேண்டும் என்று," என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. பெட்டி ஏற்ற விட்டார். ஏழு வருடத்துக்கு முன் செய்த வேலையை கோபாலசிங்கம் திரும்பவும் செய்தான். இடுப்பு நொந்தது. அவன் ஓட்டிய லொறியை வேறொருவன் ஓட்டிக்கொண்டு போவதை ஒவ்வொரு காலையும் நின்று பார்த்தான். அந்த நாட்களில் இரண்டு தடவை கால்கள் அவனை மதுக்கடை வாசல் வரைக்கும் கொண்டுபோயிருக்கின்றன. இரண்டு தடவையும் அங்கிருந்து இராசேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தான். "எங்கை நிக்கிறியள்?" என்று அவள் கேட்பாள். உண்மையைச் சொல்லுவான். "அங்கையே நில்லுங்கோ, வாறன்," என்பாள்.

தை மாதக் கடைசியில் மருத்துவக்குழு கூப்பிட்டது. இராசேஸ்வரி சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டுக்கொண்டு கூடவே போனாள். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று மருத்துவர்கள் இருந்தார்கள். நிலையத்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்தார்கள், ஆஸ்பத்திரித் தாளைப் படித்தார்கள். நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"இந்தச் சோதனையை நீங்களே கேட்டீர்களா?"

"ஆம்."

"ஏன்?"

இத்தாலிய மொழியில் பெரிய விளக்கம் சொல்ல அவனுக்கு வரவில்லை. "ஒருமுறை கேட்காமல் விட்டேன்," என்றான்.

அவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முடிவைச் சொன்னார்கள். அனுமதிப்பத்திரத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஐந்து வருடம் இல்லை. ஒரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அனுமதிப்பத்திரம் இல்லை. கேட்பதற்குத் தண்டனை போல இருந்தது. படியிறங்கி வெளியே வந்ததும் இராசேஸ்வரி அதைத்தான் சொன்னாள்.

"ஐஞ்சு வருசம் தரேல்லையே, நீங்கள் ஏன் சிரிக்கிறியள்?"

"மூண்டு மாசத்துக்கொருக்கா ஒரு தாள் வரும். அதை உமக்கும் பிள்ளைக்கும் காட்டலாம். என்ரை வாயை நம்பச் சொல்லி இனி உங்களைக் கேக்கத் தேவையில்லை."

"வாயையும் கொஞ்சம் நம்பத்தான் தொடங்கிட்டன்," என்றாள் அவள்.

பெப்ரவரியில் அவன் திரும்பவும் லொறி எடுத்தான். ஜாக்கொனே சாரதிகள் எல்லோரையும் கூப்பிட்டு, இனி எங்கள் லொறி எங்கே மோதினாலும் சாரதி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோதனை கொடுத்துவிட்டுத்தான் தனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்றார். தானே கண்டுபிடித்ததுபோல அதைச் சொன்னார். கோபாலசிங்கம் பின்வரிசையில் நின்று தலையாட்டினான்.

பங்குனியில் அவர்கள் மூவரும் போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால், இரண்டு அறை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். பதின்மூன்று வயதுக் கேசிகா ஆரம்பத்தில் அவனோடு அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அவன் வாசலால் வரும்போது தன்னை அறியாமலே மூக்கைச் சுருக்கி முகர்ந்து பார்ப்பாள். அவன் அதைக் கண்டும் காணாதவன்போல் இருப்பான். சித்திரை பிறந்து சில நாளில், அவன் வந்து சப்பாத்தைக் கழற்றியபோது, அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "பப்பா, எலுமிச்சம்பழம் மணக்குது," என்றாள். கணக்கை எழுதிக்கொண்டே இருந்தாள்.

வீடு குடிபுகுந்ததற்கு எல்லோரையும் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சமைத்தார்கள். இராசேஸ்வரியின் தமையன் குடும்பம் வந்தது. பீலிக்ஸ் வந்தான். கோழிக்கறி, புட்டு, சந்தையில் வாங்கிய கத்தரிக்காயில் பொரியல். சாப்பிட்டு முடிய, மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருந்தபோது, கோபாலசிங்கம் பலகணியில் உடுப்புக் காய்கிற கொடிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பீலிக்ஸ் பின்னால் வந்தான். கீழே சந்தைக்காரர்கள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை," என்றான் பீலிக்ஸ். குரல் வேறுமாதிரி இருந்தது. "நீங்கள் போற அந்த நிலையம்... அங்கை ஆரும் போகலாமோ?"

கோபாலசிங்கம் திரும்பிப் பார்த்தான். ஒரே கட்டடத்தில் நாலு வருடம் இருந்திருக்கிறார்கள். அவனோ அந்த நாட்களில் தன் போத்தலைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்." பீலிக்ஸ் கொடியில் கிடந்த ஒரு துணிக்கவ்வியைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். "உங்களைப்போல இல்லை. வெளியிலை தெரியாது. வேலைக்கு ஒருநாளும் பிந்தேல்லை. ஆனால் இரவிலை அது இல்லாமல் நித்திரை வரேல்லை, அண்ணை. ஊரிலை மனிசி பிள்ளையள் விசாப் பேப்பருக்குக் காத்துக்கொண்டு நிக்கினம். அவை வரேக்கை நான் இப்பிடி நிக்கக் கூடாது. அங்கை பேர் கேப்பினமோ?"

"கேப்பினம். ஆனால் முதல்நாள் சும்மா கதைப்பினம். கோப்பியும் தருவினம்."

"எனக்கு அந்தளவுக்கு இத்தாலியன் வராது."

"நான் வாறன்," என்றான் கோபாலசிங்கம். "புதன்கிழமை பின்னேரம் அஞ்சு மணி. நீ வேலையாலை நேரை இஞ்சை வா, ரெண்டு பேருமாய் நடந்து போவம்."

உள்ளேயிருந்து இராசேஸ்வரி தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டாள். பீலிக்ஸ் முகத்தைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு, "ஓம் அக்கா, வாறம்," என்று குரல் கொடுத்தான்.